எழுந்து நடக்க: காலிப்பரா, ரோபோ எக்ஸோஸ்கெலிட்டனா?

தண்டுவடத்தில் அடிபட்டுக் கால் அசைவை இழந்தவர்கள் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு. சக்கர நாற்காலி எப்படியும் வேண்டும். அதற்கு மேல், எழுந்து நடக்க எது: காலில் வாரால் கட்டும் தாங்கியான காலிப்பரா, உடம்புக்கு வெளியே அணியும் மோட்டார் சட்டமான ரோபோ எக்ஸோஸ்கெலிட்டனா?

எடை: காலிப்பர் சில கிலோதான். ரீவாக் என்ற எக்ஸோஸ்கெலிட்டன் 20 கிலோவைத் தாண்டும், ஆனால் அந்தப் பாரத்தை அதன் சட்டமே தரைக்கு இறக்கிவிடும்.

உழைப்பு: பெரிய வித்தியாசம் இங்கேதான். காலிப்பரில் முட்டி பூட்டியே இருக்கும். உடம்பு முழுவதையும் கைகளால் தூக்கித்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். சீக்கிரமே மூச்சு வாங்கும், தோள்பட்டை வலிக்கும். பலர் அதை மூலையில் போட்டுவிடுவது இதனால்தான். எக்ஸோஸ்கெலிட்டனில் இடுப்பிலும் முட்டியிலும் மோட்டார் உண்டு. முன்னால் லேசாகச் சாய்ந்தால் கால் நகரும். ஊன்றுகோல் மட்டும் இதற்கும் வேண்டும்.

யாருக்கு: 2014இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ரீவாக்கை வீட்டில் பயன்படுத்த அனுமதித்தது. தண்டுவடத்தில் டி7 (நடு முதுகு) முதல் எல்5 (கீழ் இடுப்பு) வரையிலான பகுதியில் காயம் உள்ளவர்களுக்கு மட்டும், அதுவும் பயிற்சி பெற்ற துணையோடு. அதை உருவாக்கிய அமித் கோஃபருக்குக் கைகளும் பாதிக்கப்பட்டிருந்ததால், அவராலேயே அதை அணிந்து நடக்க முடியவில்லை. இதை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது.

பராமரிப்பு: காலிப்பருக்கு வார் மாற்றினால் போதும். மற்றதற்கு சார்ஜ், சர்வீஸ் எல்லாம் உண்டு.

வீட்டுக்குள் கொஞ்ச நேரம் நிற்க, குறைந்த செலவில் என்றால் காலிப்பர் போதும். கூட ஆள் இருக்கிறார், தோளைக் காப்பாற்றி அதிக நேரம் நடக்க வேண்டும், பணமும் திரட்ட முடியும் என்றால் எக்ஸோஸ்கெலிட்டன். எதுவானாலும், முதலில் எலும்பு அடர்த்தியையும் மூட்டு இறுக்கத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.