ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா? பொத்தானை வரைவது யார் என்று முதலில் பாருங்கள்

ஒரே நிரலை எழுதி ஐஃபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் ஆப் செய்ய உதவும் கருவிகள் ஃப்ளட்டரும் ரியாக்ட் நேட்டிவும். அமைப்புகள் திரையில் இருக்கும் சாதாரண ஸ்விட்ச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரியாக்ட் நேட்டிவில் எழுதிய ஆப்பை ஐஃபோனில் திறந்தால், அங்கே தெரிவது ஆப்பிளின் சொந்த யுஐஸ்விட்ச். விரல் பட்டதும் குமிழ் எப்படி அசைய வேண்டும், திரையைப் படித்துக் காட்டும் வாய்ஸ்ஓவர் அதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதையெல்லாம் இயங்குதளமே பார்த்துக்கொள்கிறது. அதே திரையை ஃப்ளட்டரில் ஸ்விட்ச்.அடாப்டிவ் போட்டு எழுதினால், தெரிவது யுஐஸ்விட்சைப் பார்த்து ஃப்ளட்டர் வரைந்த படம். நன்றாகவே வரைந்திருக்கிறார்கள், பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ஆப்பிள் தன் ஸ்விட்சின் உருவத்தை மாற்றினால் இந்தப் படம் தானாக மாறாது. யாராவது மறுபடி வரைய வேண்டும், நீங்கள் அந்தப் பதிப்புக்கு மாறி ஆப்பை மறுபடி வெளியிட வேண்டும்.

இரண்டு கருவிகளும் இலவசம், இரண்டும் ஓப்பன் சோர்ஸ், இரண்டிலும் ஐஓஎஸ் பதிப்பை பில்ட் செய்ய மேக்கும் எக்ஸ்கோடும் வேண்டும். அதனால் விலையை வைத்துத் தேர்வு செய்ய ஒன்றுமில்லை. திரையில் தெரியும் பொருளை வரைவது யார் என்பதை வைத்தே இந்த மதிப்பீடு.

ஃப்ளட்டரில் ஒவ்வொரு பிக்சலையும் ஃப்ளட்டரே வரைகிறது. முன்பு அந்த வேலையை ஸ்கியா என்ற வரைதல் எஞ்சின் செய்தது. இப்போது இம்பெல்லர் செய்கிறது: ஐஓஎஸ்ஸில் 3.10 பதிப்பிலிருந்தும், ஆண்ட்ராய்டு 10-ம் அதற்கு மேலும் உள்ள ஃபோன்களில் 3.27-லிருந்தும் அதுதான் இயல்புநிலை. இதன் பலன் பெரியது. பழைய ஆண்ட்ராய்டு 8 ஃபோனிலும் புத்தம் புது ஃபோனிலும் உங்கள் கார்டின் மூலை ஒரே வளைவு, நிழல் ஒரே அடர்த்தி. டிசைனர் ஃபிக்மாவில் போட்டுக் கொடுத்ததை அப்படியே இறக்கிவிடலாம். உங்களுக்கென்று சொந்த வடிவமைப்பு இருந்தால், இந்த அளவுக்கு ஒத்துழைக்கும் கருவி வேறு இல்லை.

ஒரு எச்சரிக்கை. 2023 நவம்பரில் வந்த 3.16 பதிப்பிலிருந்து கூகுளின் வடிவமைப்பு முறையான மெட்டீரியல் 3 தானாகவே இயங்குகிறது. பழைய ஆப்பை மேம்படுத்தும்போது பொத்தான்களின் மூலை உருண்டுவிடும், பட்டியலை மேலே தள்ளினால் ஆப்பாரின் (திரையின் மேல் பட்டையின்) நிறம் லேசாக மாறும். கடைசியாகச் சொன்னதைப் பலர் பிழை என்று நினைத்து நாள் கணக்கில் தேடுகிறார்கள். ஆப்பார் தீமில் ஸ்க்ரோல்டுஅண்டர்எலிவேஷன் மதிப்பைப் பூஜ்ஜியமாக்கினால் போதும்.

ஐஃபோனில் ஃப்ளட்டர் தானாக அனுசரிப்பவை: ஸ்க்ரோல் முடிவில் வரும் துள்ளல், மெட்டீரியல்பேஜ்ரூட்டின் பக்க மாற்றம், இடது ஓரத்திலிருந்து இழுத்துப் பின்னால் போவது, எழுத்தைத் தேர்வு செய்யும்போது வரும் மெனு. டயலாக், தேதி தேர்வு, டேப் பார் ஆகியவற்றை நீங்களே பிரித்து எழுத வேண்டும். தானாக வருபவற்றையும் அறியாமல் உடைத்துவிடலாம். அழகான மாற்றம் வேண்டுமென்று பேஜ்ரூட்பில்டர் கொண்டு சொந்தப் பக்க மாற்றம் எழுதினால், ஓரத்து இழுப்பு போய்விடும். பின்னால் போவதைக் கட்டுப்படுத்தும் பாப்ஸ்கோப்பில் கேன்பாப் மதிப்பை ஃபால்ஸ் ஆக்கினாலும் அதே கதிதான். ஐஃபோன் வைத்திருப்பவருக்கு அந்த இழுப்பு கைப்பழக்கம், அது வேலை செய்யாத ஆப்பை அவர் பழுதானதாகவே எடுத்துக்கொள்வார். ஆகவே ஃபார்மில் சேமிக்காத மாற்றம் இருக்கும்போது மட்டும் கேன்பாப்பை மூடுங்கள், மற்ற நேரத்தில் திறந்தே வையுங்கள்.

இனி 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26. லிக்விட் கிளாஸ் என்ற கண்ணாடித் தோற்றம் டேப் பார், நேவிகேஷன் பார், அலர்ட், ஸ்விட்ச் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. எக்ஸ்கோடு 26-ல் பில்ட் செய்தால், ஆப்பிளின் உண்மையான யுஐகிட் பாகங்களைப் பயன்படுத்தும் ஆப்புகளுக்கு இது ஒரு வரிகூட எழுதாமல் கிடைத்துவிடுகிறது. அவசரமாக வேண்டாம் என்றால் இன்ஃபோ.பிலிஸ்ட்டில் யுஐடிசைன்ரிக்வயர்ஸ்கம்பாட்டிபிலிட்டி என்ற சாவியைப் போட்டுத் தற்காலிகமாகத் தள்ளிவைக்கலாம். ஐஃபோன் பாகங்களைப் போல ஃப்ளட்டர் வரையும் கூப்பர்ட்டினோ விட்ஜெட்களோ பழைய தோற்றத்திலேயே நின்றன. மெட்டீரியலையும் கூப்பர்ட்டினோவையும் மையக் கட்டமைப்பிலிருந்து பிரித்துத் தனித்தனித் தொகுப்பாக்கும் வேலையை ஃப்ளட்டர் குழு கையில் எடுத்திருக்கிறது. அது நல்ல முடிவு, ஏனென்றால் தோற்றம் மாறுவதற்காக எஞ்சினையே மாற்ற வேண்டியிருக்காது. ஆனால் ஆப்பிளைத் துரத்திப் பிடிக்கும் ஓட்டம் அதனால் நிற்காது.

சிலர் பேக்டிராப்ஃபில்டர் வைத்துக் கண்ணாடியை நகல் எடுக்கிறார்கள். பின்னால் வரைந்திருப்பதை ஒவ்வொரு ஃபிரேமிலும் மறுபடி படித்து மங்கலாக்க வேண்டியிருப்பதால், அது ஜிபியுவுக்குக் கனமான வேலை. பட்டியலின் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று வைத்தால் விலை குறைந்த ஃபோனில் ஸ்க்ரோல் திக்கும். வேண்டுமென்றால் டேப் பாருக்கு ஒன்றே ஒன்று வையுங்கள், அதையும் கிளிப்ரெக்ட்டுக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் மங்கல் திரை முழுக்கப் பரவும்.

எங்கள் கருத்தில் ஃப்ளட்டரில் செய்யக்கூடாதது இதுதான்: ஆப்பிள் போலவே தெரிய வேண்டும் என்று வரைவது. சொந்த வடிவமைப்போடு நிற்கும் ஃப்ளட்டர் ஆப் ஐந்து வருடம் கழித்தும் நன்றாக இருக்கும். நகல் எடுத்த ஆப் அடுத்த ஐஓஎஸ் வந்த அன்றே பழசாகும்.

ரியாக்ட் நேட்டிவ் 2015-ல் வெளிவந்தது. 2024 அக்டோபரில் வந்த 0.76 பதிப்பிலிருந்து அதன் புதிய கட்டமைப்பு இயல்புநிலை ஆனது. பெயரில் நேட்டிவ் இருப்பதால் எல்லாமே நேட்டிவ் என்று நம்பிவிட வேண்டாம். ஸ்விட்ச், டெக்ஸ்ட்இன்புட், ஸ்க்ரோல்வியூ ஆகியவை நிஜமான பாகங்கள். திரை மாற்றத்துக்கான நூலகமான ரியாக்ட் நேவிகேஷனில் நேட்டிவ் ஸ்டாக் எடுத்தால் ஐஃபோனில் யுஐநேவிகேஷன்கன்ட்ரோலரே ஓடும். பெரிய தலைப்பு, தேடல் பெட்டி, ஓரத்து இழுப்பு எல்லாம் இலவசமாக வரும். அதே நூலகத்தின் சாதாரண ஸ்டாக் ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு எழுதிய நகல். வழக்கமாக எல்லோரும் போடும் பாட்டம் டேப்ஸும் அப்படித்தான்: வெறும் வியூக்களால் கட்டியது. கண்ணாடி டேப் பார் தானாக வரும் என்று காத்திருந்து ஏமாறுவது இங்கேதான். நிஜ டேப் பார் வேண்டுமென்றால் ரியாக்ட்-நேட்டிவ்-பாட்டம்-டேப்ஸ் போன்ற தனித் தொகுப்பு வேண்டும். மாற்றியதும் பட்டியலின் கடைசி வரிசை டேப் பாருக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். கீழே 49 பாயின்ட் என்று கையால் போட்ட பேடிங்கை எடுத்துவிட்டு, சேஃப் ஏரியா இன்செட்டை வைத்துக் கணக்கிடுங்கள். ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காக வைத்தால் திரை ஓரம் வரை ஆப் பரவுவது கட்டாயம் என்பதால், இந்தத் திருத்தம் அங்கேயும் உதவும்.

சொந்தத் தோற்றம் கொடுக்க இறங்கும்போதுதான் ரியாக்ட் நேட்டிவ் கூலி கேட்கிறது. நிழலைப் பாருங்கள். பழைய முறையில் ஐஓஎஸ்ஸுக்கு ஷேடோகலர், ஷேடோஆஃப்செட், ஷேடோஒபாசிட்டி, ஷேடோரேடியஸ் என்று நான்கு பண்புகள்; ஆண்ட்ராய்டுக்கு எலிவேஷன் என்று ஒன்று. எலிவேஷன் தெரிய அந்த வியூவுக்குப் பின்புல நிறம் இருக்க வேண்டும். ஐஓஎஸ்ஸில் வளைந்த மூலைக்காக ஓவர்ஃப்ளோ ஹிடன் போட்டால் நிழலும் சேர்ந்து வெட்டுப்படும். வெளியே நிழலுக்கு ஒரு வியூ, உள்ளே மூலைக்கு ஒரு வியூ என்று இரண்டாகப் பிரிப்பதுதான் வழி. புதிய கட்டமைப்பில் பாக்ஸ்ஷேடோ வந்த பிறகு இரண்டு தளத்துக்கும் ஒரே வரி போதும், ஆனால் ஆண்ட்ராய்டு 9-க்குக் கீழே அது வேலை செய்யாது.

இன்னொரு பழுது, பல ப்ராஜெக்ட்டுகளில் திரும்பத் திரும்ப வருவது: ஆண்ட்ராய்டில் டைப் செய்த எழுத்து தெரியவில்லை. ரியாக்ட் நேட்டிவ் டெம்ப்ளேட்டின் ஆண்ட்ராய்டு தீம் டேநைட் வகை, அதாவது ஃபோனின் டார்க் மோடுக்கு ஏற்ப மாறுவது. பயனர் ஃபோனில் டார்க் மோடு போட்டதும் டெக்ஸ்ட்இன்புட்டின் எழுத்து வெள்ளையாகிறது. நீங்களோ பெட்டியின் பின்புலத்தை வெள்ளையாக எழுதி வைத்திருக்கிறீர்கள், எழுத்து நிறத்தைக் குறிப்பிடவில்லை. வெள்ளையில் வெள்ளை. பின்புலம் குறிப்பிட்ட இடத்திலெல்லாம் எழுத்து நிறத்தையும் பிளேஸ்ஹோல்டர் நிறத்தையும் சேர்த்தே குறிப்பிடுங்கள். கர்சர், தேதி டயலாக் போன்றவற்றின் இயல்பான நிறம் ஆண்ட்ராய்டு கோப்புறையின் ஸ்டைல்ஸ்.எக்ஸ்எம்எல்லில் இருந்து வருகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது.

இதே வகையில் மைக்ரோசாஃப்டின் கருவியான டாட்நெட் மௌயி பற்றி இரண்டு வரி. அதன் முன்னோடியான ஸாமரினுக்கான ஆதரவு 2024 மே 1-ல் முடிந்ததால் பழைய ஆப்புகள் இங்கே வந்து சேர்கின்றன. இதுவும் நிஜ நேட்டிவ் பாகம்தான் தருகிறது. ஆனால் ஆண்ட்ராய்டில் என்ட்ரி என்ற எழுத்துப் பெட்டியின் அடிக்கோட்டை எடுக்கவே ஹேண்ட்லர் மேப்பரில் தளத்துக்கென்று தனி நிரல் எழுத வேண்டும். சீஷார்ப் குழு கையில் இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் இதற்காகப் போக வேண்டாம்.

தமிழ் ஆப் எழுதுகிறவர்களுக்கு வேறு ஒரு கணக்கு இருக்கிறது. எல்லா ஃபோனிலும் ஒரே மாதிரி என்ற ஃப்ளட்டரின் வாக்கு தமிழில் அப்படியே நிற்பதில்லை. ரோபோட்டோ, இன்டர் போன்ற வழக்கமான எழுத்துருக்களில் தமிழ் எழுத்து இல்லை. அதனால் ஃபோனில் இருக்கும் எழுத்துருவை ஃப்ளட்டர் கடன் வாங்குகிறது: ஐஃபோனில் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ். தடிமன், அகலம், வரி உயரம் மூன்றும் மாறும். ஒன்றில் ஒரு வரியில் அடங்கிய தலைப்பு மற்றதில் இரண்டு வரியாகும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், அனெக் தமிழ் போன்ற ஒன்றை ஆப்போடு சேர்த்து, தீம்டேட்டாவின் ஃபான்ட்ஃபேமிலிஃபால்பேக்கில் கொடுத்துவிடுங்கள். 400, 700 என்று இரண்டு தடிமன் போதும். ரியாக்ட் நேட்டிவில் சேர்க்கும்போது ஆண்ட்ராய்டில் ஃபான்ட்வெயிட் போல்ட் என்று மட்டும் எழுதினால் உங்கள் போல்ட் கோப்பு எடுபடாமல் போகலாம். ஒவ்வொரு தடிமனையும் தனிப் பெயரில் அழைப்பதே பத்திரம்.

அடுத்தது வரி உயரம். ஆங்கிலத்துக்காக 16 அளவுக்கு 18 என்று வைத்த லைன்ஹைட்டில் 'கீ', 'ஞ்' போன்றவற்றின் மேற்கொக்கியும் புள்ளியும், 'நூ', 'கூ' போன்றவற்றின் கீழ்ச்சுழியும் இடிபடும். ரியாக்ட் நேட்டிவில் ஆண்ட்ராய்டு அதை வெட்டியே விடும். இன்க்ளூட்ஃபான்ட்பேடிங் ஃபால்ஸ் போட்டிருந்தால் முதல் வரியின் தலை இன்னும் கூடுதலாகப் போகும். புள்ளி போனால் 'ம்' என்பது 'ம' ஆகிவிடும், அது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. 16 அளவுக்கு 24 முதல் 26 வரை வையுங்கள். ஃப்ளட்டரில் வரி உயரத்தை இறுக்கிப் பிடிக்கும் ஃபோர்ஸ்ஸ்ட்ரட்ஹைட் எங்காவது ட்ரூ என்று இருந்தால் எடுத்துவிடுங்கள்.

தமிழ் லோகேல் கொண்ட ஃப்ளட்டர் ஆப்பில் மறைந்திருக்கும் இன்னொரு பிழை: குளோபல்மெட்டீரியல்லோக்கலைசேஷன்ஸ் சேர்த்துவிட்டு குளோபல்கூப்பர்ட்டினோலோக்கலைசேஷன்ஸை மறப்பது. ஆண்ட்ராய்டில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஐஃபோனில் எழுத்துப் பெட்டியை அழுத்திப் பிடித்தால் மெனுவுக்குப் பதில் பிழை வரும், ஏனென்றால் அந்த மெனு கூப்பர்ட்டினோ வகை, அதற்குத் தமிழ்ச் சொற்கள் கொடுக்கப்படவில்லை.

எங்கள் பரிந்துரை இது. படிவங்களும் பட்டியல்களும் நிறைந்த ஆப், எழுத்துப் பெட்டியும் தேதி தேர்வும் அதிகம் என்றால் ரியாக்ட் நேட்டிவும் நேட்டிவ் ஸ்டாக்கும். நிறம், கார்டு, எழுத்துரு, ஐகான் ஆகியவற்றில் மட்டும் உங்கள் முத்திரையைப் போடுங்கள், அசைவையும் பழக்கத்தையும் தளத்திடம் விடுங்கள். குழந்தைகளுக்கான பாட ஆப், அசைபடம் நிறைந்த ஆப், அடையாளமே வடிவமைப்பில் இருக்கும் ஆப் என்றால் ஃப்ளட்டர், அதுவும் முழுக்கச் சொந்த வடிவமைப்போடு.

எதை எடுத்தாலும், சொந்தமாகக் கட்டிய ஒவ்வொரு பொத்தானையும் கண்ணை மூடிக்கொண்டு, திரையைப் படித்துக் காட்டும் ஆண்ட்ராய்டின் டாக்பேக்கில் தொட்டுப் பாருங்கள். ஃப்ளட்டரில் கன்டெய்னருக்கு மேல் கெஸ்ச்சர்டிடெக்டர் மட்டும் போட்டிருந்தால், அது பொத்தான் என்று டாக்பேக் சொல்லாது. செமான்டிக்ஸில் பட்டன் ட்ரூ என்று கொடுக்க வேண்டும். ரியாக்ட் நேட்டிவின் பிரெஸ்ஸபிளுக்கு அக்சஸிபிலிட்டிரோல் பட்டன். தொடும் இடம் ஐஓஎஸ்ஸில் 44 பாயின்ட்டுக்கும் ஆண்ட்ராய்டில் 48 டிபிக்கும் குறையக் கூடாது. பிறகு ஆண்ட்ராய்டு அமைப்புகளில் எழுத்தின் அளவை 200 சதவீதத்துக்கு ஏற்றி, 'சேமிக்கவும்', 'ரத்து செய்யவும்' இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் திரையைத் திறங்கள். பொத்தானுக்கு உயரத்தை எண்ணாகக் கொடுத்திருந்தால் எழுத்து அங்கேயே அறுபடும். குறைந்தபட்ச உயரமாக மாற்றி, இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக மடிய விடுங்கள்.