ஜெர்சியில் ஜாக்சன்: ஆள் கெட்டிக்காரர், கண்டிப்பும் அதிகம்

மற்ற ஆப்கள் நெட் வழியாகக் கேட்டால் கிடங்கு ஒன்றின் இருப்புக் கணக்கைச் சொல்லும் ரெஸ்ட் சர்வீஸ் என் பொறுப்பில் ஓடுகிறது. ஜாவா, அதை ஓடவைக்கும் டாம்கேட் சர்வர், ரெஸ்ட் சர்வீஸ் எழுத உதவும் ஜெர்சி லைப்ரரி என்று எல்லாமே பழைய ஆட்கள். தரவு வந்து போகும் ஜேசன் என்ற வடிவத்தைப் படிக்கவும் எழுதவும் ஜாக்சன் என்ற லைப்ரரி. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமைக்கும்போதுதான் படுத்தும்.

ஜெர்சி 1-இல் வெப் டாட் எக்ஸ்எம்எல் என்ற செட்டிங் ஃபைலில் போஜோ மேப்பிங் என்ற அமைப்பை ட்ரூ என்று வைத்தால்தான் ஜாக்சன் களத்துக்கு வரும். வைக்காவிட்டால் எக்ஸ்எம்எல்லுக்கான வழியிலேயே ஜேசனும் போகும். அங்கே ஒரு கூத்து உண்டு: பட்டியலில் ஒரே ஒரு பொருள் இருந்தால் சதுர அடைப்புக்குறியே வராது, அது தனி ஆப்ஜெக்டாகப் போய்ச் சேரும். இரண்டு பொருள் வாங்கியவருக்கு மொபைல் ஆப் ஒழுங்காக ஓடும், ஒன்று வாங்கியவருக்குப் படுத்துவிடும். டெஸ்டிங்கில் எல்லாரும் நாலைந்து பொருளைத்தானே போட்டுப் பார்ப்பார்கள்!

ஜெர்சி 2-இல் அந்தத் தலைவலி இல்லை. ஜாக்சனுக்கான ஜெர்சி மீடியா மாட்யூலை லைப்ரரிகளைக் கொண்டுவரும் மேவனில் சேர்த்து, ஜெர்சியின் செட்டிங் கிளாஸான ரிசோர்ஸ்கான்ஃபிகில் ஜாக்சன்ஃபீச்சரை ரெஜிஸ்டர் செய்தால் முடிந்தது. ஜேசனுக்கு எந்த மாட்யூலுமே இல்லையென்றால் லாகில் ‘மெசேஜ்பாடிரைட்டர் நாட் ஃபவுண்ட்’ என்று ஒரு வரி, அழைத்த கிளையண்டுக்கு வெறும் 500 என்ற சர்வர் பிழை எண். அந்த வரியைப் பார்த்ததும் கோடைத் தோண்டாதீர்கள், முதலில் மேவனின் பட்டியலான பாம் ஃபைலைத் திறந்து பாருங்கள்.

அப்புறம்தான் உண்மையான வேலை. ஜாக்சன் 2-ஐ அப்படியே விட்டால், தனக்குத் தெரியாத ஒரு ஃபீல்டு வந்தாலே முழு ரிக்வெஸ்டையும் தள்ளிவிடும். எதிர்த்தரப்பு ‘ரிமார்க்ஸ்’ என்று ஒன்றைக் கூடுதலாக அனுப்பினால் போதும், ‘ரிக்வெஸ்ட் தப்பு’ என்னும் 400 பிழையை வாங்கிக்கொண்டு போன் போடுவார்கள். தேதி விஷயம் இன்னும் மோசம். ஜாவாவின் தேதி வகையான லோக்கல்டேட்டுக்கு ஜாவாடைம் மாட்யூலைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகும் 2024 மார்ச் 15 என்பது [2024,3,15] என்று மூன்று எண்களாகத்தான் வெளியே போகும். தேதியை டைம்ஸ்டாம்பாக எழுதும் வசதியை அணைத்தால்தான் ‘2024-03-15’ என்று மனிதர் படிக்கும்படி வரும். இந்த இரண்டையும் ஜாக்சனின் செட்டிங்கை வைத்திருக்கும் ஒரு ஆப்ஜெக்ட்மேப்பரில் திருத்தி, அதை எடுத்துக் கொடுக்கும் கான்டெக்ஸ்ட்ரிசால்வர் கிளாஸ் ஒன்றின் வழியாக ஜெர்சியிடம் கொடுத்துவிட வேண்டும். இருபது வரி கூடத் தேறாது. புது சர்வீஸ் எதுவானாலும் நான் முதலில் எழுதும் கிளாஸ் அதுதான்.

எனக்குப் பிடிக்காதது ஒன்று சொல்கிறேன். ஜாக்சன்ஃபீச்சர் தன்னோடு, பிழையைப் பதிலாக மாற்றி அனுப்பும் எக்ஸப்ஷன் மேப்பர்களையும் கூட்டி வருகிறது. தப்பான ஜேசன் வந்தால் ஜாக்சனின் பிழைச் செய்தியை அப்படியே கிளையண்டுக்கு அனுப்பிவிடும். அதில் நம் பேக்கேஜ் பெயர், கிளாஸ் பெயர் எல்லாம் பளிச்சென்று இருக்கும். வெளியாட்கள் அழைக்கிற சர்வீஸுக்கு இது ஆகாது. எக்ஸப்ஷன் மேப்பர் இல்லாமல் ரெஜிஸ்டர் செய்கிற வழி பிந்தைய ஜெர்சியில் இருக்கிறது. அதையே எடுத்து, நம் மேப்பரை எழுதிக்கொள்வது நல்லது.

பழைய ப்ராஜெக்ட் என்றால் இம்போர்ட் வரிகளையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஜாக்சன் 1-இன் பேக்கேஜ் கோட்ஹவுஸ், 2-இன் பேக்கேஜ் ஃபாஸ்டர்எக்ஸ்எம்எல். ஃபீல்டை மறைக்கச் சொல்லும் கோட்ஹவுஸின் ஜேசன்இக்னோர் குறிப்பைப் போட்டால் ஜாக்சன் 2 அதைக் கண்டுகொள்ளவே செய்யாது, எரரும் வராது. மறைத்ததாக நினைத்த பாஸ்வேர்டு ஃபீல்டு ஜம்மென்று வெளியே போகும்.

2025-இல் வந்த ஜாக்சன் 3-இல் தெரியாத ஃபீல்டு, தேதி இரண்டுக்கும் இயல்பு அமைப்பையே மாற்றிவிட்டார்கள், தேதிக்கான மாட்யூலும் உள்ளேயே வந்துவிட்டது. ஆனால் ஜாவா 17 வேண்டும், பேக்கேஜ் பெயரும் மறுபடி மாறியிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸை அதற்காக அவசரமாகக் கலைக்க மாட்டேன். ஐந்துக்கு நான்கு ஸ்டார் கொடுக்கலாம். குறைத்த ஒன்று அந்த எக்ஸப்ஷன் மேப்பருக்கு.