ஏஜென்ட் டெஸ்ட் ஓட்டுகிறதா? முதலில் டூல் விளக்கத்தைப் பாருங்கள்: ஓராண்டுக்கு மேலான அனுபவம்

சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் பெரும்பகுதியை ஏஐ ஏஜென்ட்டிடம், அதாவது டூல்களைத் தானே கூப்பிட்டு வேலையை முடிக்கும் ஏஐ மாடலிடம், கொடுத்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. சிங்கப்பூர் சாங்கி பிசினஸ் பார்க்கில் எங்கள் குழு சின்னது, பாதிப் பேர் தமிழர்கள். ஏஜென்ட் பிரவுசரை இயக்க உதவும் பிளேரைட் எம்சிபியும் நாங்களே எழுதிய சில டூல்களும் தினமும் ஓடுகின்றன. எந்த மாடல் நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மாடலை மாற்றியதில் எங்களுக்குக் கிடைத்த பலனைவிட, ஒவ்வொரு டூலோடும் இருக்கும் இரண்டு மூன்று வரி விளக்கத்தைத் திருத்தியதில் கிடைத்தது அதிகம்.

எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) என்பது ஏஐ மாடலை வெளி டூல்களோடு இணைக்க, ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறை. இதில் ஒரு டூலைப் பற்றி ஏஜென்ட்டுக்கு முக்கியமாகத் தெரிவது அதன் பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு எந்த வடிவில் தர வேண்டும் என்று சொல்லும் ஸ்கீமா. உள்ளே இருக்கும் கோடு அதன் கண்ணில் படாது.

எங்கள் டெஸ்ட் ஓட்டும் டூலையே எடுத்துக்கொள்வோம். பழைய விளக்கம் ‘டெஸ்ட் தொகுப்பை ஓட்டும்’ என்று ஒரே வரி. நாம் படித்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் அந்த டூல் டெஸ்ட் முடியும் வரை காத்திருப்பதில்லை. வேலையை வரிசையில் போட்டுவிட்டு, ஒரு எண்ணையும் ‘சக்சஸ்’ என்ற சொல்லையும் திருப்பித் தரும். ஏஜென்ட் அந்தச் சொல்லைப் பார்த்ததும் எல்லாம் பாஸ் என்று எழுதிவிடும். “அண்ணே, எல்லாம் பாஸ்னு சொல்லுது, ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்லையே” என்று பக்கத்து சீட்டுத் தம்பி வந்து நின்றார்.

இப்போது அது இப்படி இருக்கிறது: ‘டெஸ்ட் தொகுப்பை வரிசையில் சேர்க்கும். முடியும் வரை காத்திருக்காது. திரும்பி வருவது வேலை எண் மட்டுமே, அதை வைத்து பாஸா ஃபெயிலா என்று சொல்ல முடியாது. முடிவு தெரிய, நிலை பார்க்கும் டூலை இந்த எண்ணோடு கூப்பிடவும். ஒரு டெஸ்ட்டும் ஓடாமல் முடிந்தால் அதையும் ஃபெயில் என்றே எடுத்துக்கொள்ளவும்.’

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எந்த டெஸ்ட் ஓட வேண்டும் என்று குறிக்கும் ஃபில்டரில் டெஸ்ட் பெயர் ஒரு எழுத்து தப்பினாலும் எதுவும் ஓடாது, அதனால் எதுவும் ஃபெயில் ஆகாது, ரிப்போர்ட் பச்சையாகவே இருக்கும். கூடவே ‘சக்சஸ்’ என்பதை ‘வரிசையில் உள்ளது’ என்று மாற்றினோம். டூல் திருப்பித் தரும் வாசகத்தையும் ஏஜென்ட் படித்துத்தான் அடுத்த அடி வைக்கிறது.

பிளேரைட் எம்சிபியில் ஸ்கிரீன்ஷாட் டூலின் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். பக்கத்தைப் படம் பிடிக்கும் என்பதோடு நிற்காமல், படத்தை வைத்து எந்தச் செயலும் செய்ய முடியாது, அதற்கு ஸ்னாப்ஷாட் டூல் இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறது. ஸ்னாப்ஷாட் தருவது பக்கத்தின் அக்சசிபிலிட்டி அமைப்பு, அதாவது பக்கத்தில் என்னென்ன பொத்தான், பெட்டி, இணைப்பு இருக்கிறது என்ற எழுத்துப் பட்டியல். கிளிக் செய்ய வேண்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி இருக்கும். இந்த டூல் எதற்கு உதவாது, அப்போது எதை எடுப்பது என்று சொல்லும் இந்த மாதிரி வரிதான் பெரும்பாலான டூல்களில் இல்லை.

அப்புறம் நம் ஊர் விஷயங்கள். சோதனைப் பயனரை உருவாக்கும் டூலில் பெயருக்கு ‘டெக்ஸ்ட்’ என்று மட்டும் இருந்தபோது, ஏஜென்ட் எப்போதும் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு சொல்லாகவே கொடுத்தது. நம்மில் பலருடைய அடையாள அட்டையில் இருக்கும் எஸ்/ஓ (இன்னாரின் மகன்), டி/ஓ (இன்னாரின் மகள்) வரவே இல்லை. அந்தச் சாய்கோட்டை ஏற்காத படிவத்தின் முன்னால் உட்கார்ந்து தவித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று தெரியும். ‘பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி ஒரே வரியில், சாய்கோடு வரலாம், குடும்பப் பெயர் இருக்க வேண்டியதில்லை’ என்று சேர்த்து, ஒரு மாதிரியும் கொடுத்தோம். இப்போது யாரும் கேட்காமலே ஏஜென்ட் அப்படிப்பட்ட பெயர்களைப் போட்டுப் பார்க்கிறது. இந்த வேலையில் எனக்கு அதிக நிறைவு தந்தது இதுதான்.

தேதியிலும் இதே கதை. எங்கள் சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, சிங்கப்பூர் அதற்கு 8 மணி நேரம் முன்னால். நள்ளிரவிலிருந்து காலை 8 மணி வரை நமக்கு ‘இன்று’ என்பது சர்வருக்கு ‘நேற்று’. இரவு ரன்னில் மட்டும் விழுந்துகொண்டிருந்த முன்பதிவு டெஸ்ட்டுகள், ‘தேதி சிங்கப்பூர் நேரப்படி’ என்று உள்ளீட்டு விளக்கத்தில் எழுதியதும் சரியாகிவிட்டன.

இதற்காக நீட்டி முழக்கவும் கூடாது. எல்லா விளக்கமும் மாடலின் கான்டெக்ஸ்டில், அதாவது அது ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய அளவில், இடம் பிடிக்கும், டோக்கன் (மாடல் படிக்கும் சொல்துண்டு) செலவும் ஏறும். கிட்டத்தட்ட ஒரே வேலைக்கு இரண்டு டூல் இருந்தால் எவ்வளவு எழுதினாலும் குழப்பம் தீராது. ஒன்றைத் தூக்கிவிடுங்கள்.

டேட்டாபேஸை அழித்து மறுபடி நிரப்பும் ரீசெட் டூலுக்கு மட்டும் வேறு கணக்கு. ‘ஸ்டேஜிங்கில் மட்டும்’, அதாவது நிஜப் பயனர்கள் தொடாத சோதனைச் சூழலில் மட்டும், என்று விளக்கத்தில் இருக்கிறது. அழிக்கக்கூடிய டூல் என்று காட்ட எம்சிபியில் உள்ள டிஸ்ட்ரக்டிவ் ஹின்ட் என்ற குறிப்பையும் போட்டிருக்கிறோம். இரண்டுமே ஏஜென்ட்டின் கையைப் பிடித்து நிறுத்தாது. அதனால் அந்த டூல் பயன்படுத்தும் டேட்டாபேஸ் கணக்குக்கே ஸ்டேஜிங்கைத் தவிர வேறு எங்கும் அனுமதி இல்லை. அந்த அனுமதியை முதலில் சரிசெய்துவிட்டு அப்புறம் விளக்கம் எழுத உட்காருங்கள்.