தறிச் சத்தத்துக்கு நடுவே எதிர்நீச்சல், சுழல், அயலி

சோமனூர், பல்லடம் பக்கம் பல வீடுகள் தறிக்குடோனை ஒட்டியே இருக்கும். விசைத்தறி ஓடும்போது டிவி சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் வசனத்தில் பாதிதான் காதில் விழும். இந்த மூன்று தொடர்களையும் அப்படியொரு வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் கதை சொல்லும் விதத்தில் எது எப்படி என்று புரிந்துவிடும்.

சன் டிவியின் எதிர்நீச்சலில் (2022–2024) வீட்டை ஆட்டிவைக்கும் குணசேகரன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேமரா அந்த வீட்டு மருமகள்கள் ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று ஒவ்வொரு முகமாகச் சுற்றி வரும். பிறகு அதே விஷயத்தை அடுப்படியில் நான்கு பேரும் இன்னொரு தரம் பேசுவார்கள். இழுவை என்று கேலி செய்கிறோம். ஆனால் அறுந்த நூலை முடிந்துவிட்டுப் பத்து நிமிஷம் கழித்து வருகிறவருக்கும் கதை விட்டுப்போகாது. முன்பு கோலங்கள் தொடரை எடுத்த இதன் இயக்குநர் திருச்செல்வத்துக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். அந்த அடுப்படிப் பேச்சுதான் தொடரின் உயிர். நக்கலும் அழுகையும் ஒரே மூச்சில் வரும்.

குணசேகரனாக மாரிமுத்து சிரிக்க வைத்துக்கொண்டே பயமுறுத்தினார். 2023 செப்டம்பரில் அவர் இறந்த பின் வேல ராமமூர்த்தி வந்தார். பயம் இருந்தது, சிரிப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு இழுவை உண்மையிலேயே இழுவையானது.

குடும்பச் சொத்தில் அப்பத்தாவின் நாற்பது சதவீதப் பங்கைச் சுற்றிக் கதை ஓடிய நாட்களில் இங்கே பெண்கள் உன்னிப்பாகப் பார்த்தார்கள். ஆச்சரியமில்லை. மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது. கல்யாணத்தில் போட்ட நகையைக் காட்டி பங்கு வேண்டாம் என்ற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிற வழக்கம்தான் இன்னும் போகவில்லை.

புஷ்கர்–காயத்ரி எழுதிய இணையத் தொடர் சுழல் (2022) இதற்கு நேர் எதிர். எட்டு அத்தியாயம், எதையும் இரண்டாவது முறை சொல்லாது. சிமெண்ட் ஆலையில் தீ, காணாமல் போன பெண் நிலா, ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா. திருவிழா கட்டம் கட்டமாக நகர, விசாரணையும் கூடவே நகர்கிறது. மதுக்கரை சிமெண்ட் ஆலையையும் ஆனைமலை மாசாணியம்மன் மயான பூஜையையும் அறிந்தவர்களுக்கு அந்தக் கற்பனை ஊர் அந்நியமாகப் படாது. தறியை நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும், அது வேறு விஷயம். குறை என்றால், ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் சந்தேகத்தை இன்னொருவர் மேல் தள்ளுகிற வேலை. முடிவு தெரிந்து மறுபடி பார்த்தால் அதில் சில வெறும் போக்குக்காட்டல். 2025-ல் வந்த இரண்டாம் பாகத்தில் எட்டுப் பெண்கள் தனித்தனியாக ஒரே கொலையை ஒப்புக்கொள்ளும் ஆரம்பம் அட்டகாசம். போகப் போகத் திருவிழா வண்ணம்தான் கண்ணில் நிற்கிறது, ஆட்கள் நிற்கவில்லை.

என் ஓட்டு முத்துக்குமாரின் அயலிக்கு (2023). புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்ற ஊர், 1990. வயசுக்கு வந்தால் படிப்பு நின்று கல்யாணம். டாக்டராக நினைக்கும் தமிழ்ச்செல்வி தான் வயசுக்கு வந்ததையே மறைக்கிறாள். சுழல் நம்மிடம் ரகசியத்தை ஒளிக்கிறது. அயலி அதை நம் கையிலேயே கொடுத்துவிடுகிறது. யார் செய்தது என்ற கேள்வியே இல்லை, எப்போது மாட்டிக்கொள்வாள் என்ற பதைப்பு மட்டும்தான். அந்தப் பதைப்பு அம்மாவாக வரும் அனுமோளின் முகத்தில், தயக்கத்தில் தெரிகிறது, வசனம் கேட்காவிட்டாலும். எதிர்நீச்சல் முகத்தைக் காட்டுவதும் இதற்குத்தான், ஆனால் அயலிக்கு ஒரு தரம் போதுமாக இருக்கிறது. கடைசியில் கருத்தைக் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிடுகிறார்கள். பொறுத்துக்கொள்ளலாம்.

மூன்றிலும் எங்கள் ஊர்க் கொங்குப் பேச்சு இல்லை. சின்னத்திரையில் அது வந்தாலும் பெரும்பாலும் சிரிப்பு மூட்டத்தான். குணசேகரன் மாதிரி "இந்தாம்மா ஏய்" என்று இங்கே யாரும் கத்தத் தேவையில்லை. "வா அம்மிணி, மொதல்ல சாப்புடு கண்ணு, கையெழுத்து அப்பறம் போட்டுக்கலாம்" என்று இலையைப் போட்டு உட்கார வைத்தே பங்கை எழுதி வாங்குகிற அண்ணன்கள் உண்டு. நான் பார்த்தவரை அப்படியொரு வில்லனை எந்தத் தொடரும் இன்னும் எழுதவில்லை.