ஆயுங் பள்ளத்தாக்கில் மூன்று இரவுகள்

பாலித் தீவின் மிக நீளமான ஆறாகிய ஆயுங், உபுத் நகருக்கு மேற்கே சாயான், கெடேவத்தான் ஆகிய ஊர்களை ஒட்டி ஆழமான பள்ளத்தாக்கு வழியே ஓடுகிறது. கனடாவைச் சேர்ந்த இசையமைப்பாளர் காலின் மெக்ஃபி 1930களில் சாயானில் வீடு கட்டிக்கொண்டு தங்கி, வெண்கலத் தாளக் கருவிகள் பலவற்றைச் சேர்த்து வாசிக்கும் பாலியின் கமலான் இசையை ஆராய்ந்தார். இன்று அந்தச் சரிவில் சொகுசு விடுதிகள் பல இருக்கின்றன. கடந்த பிப்ரவரியில் நானும் அம்மாவும் அவற்றில் ஒன்றில் மூன்று இரவுகள் தங்கினோம். விடுதியின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை அந்தப் பள்ளத்தாக்கின் அமைப்பிலிருந்தே வருபவை என்பதால், ஆயுங் கரையில் வேறு எந்த விடுதியை நாடுவோருக்கும் அவை பயன்படும்.

விமான நிலையத்திலிருந்து உபுத் அதிகத் தூரமில்லை என்றாலும், சாலைகள் குறுகலானவை என்பதால் பயணம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. சாலையிலிருந்து பார்த்தால் ஒரு கல் சுவரும், இரண்டாகப் பிளந்து நிற்கும் பாலி பாணி வாயிலும் மட்டுமே தெரிகின்றன. உள்ளே நுழைந்த பிறகுதான், நாம் நிற்பது விடுதியின் உச்சியில் என்பதும், வரவேற்புக் கூடம், உணவகம், குடில்கள் எல்லாம் நமக்குக் கீழே ஆறு வரை படிப்படியாக இறங்குகின்றன என்பதும் புரியும்.

எங்களுக்குக் கொடுத்த குடில் ஆற்றுக்கு மிக அருகில் இருந்தது. கூரை அலாங் அலாங் புல்லால் வேய்ந்தது. சுவர்கள் அந்தப் பகுதியில் வெட்டியெடுக்கும் பாரஸ் என்னும் மென்மையான எரிமலைக் கல்லால் ஆனவை, அவற்றில் பாசி படர்ந்திருந்தது. முதல் இரவு பெருமழை. நள்ளிரவு வரை கூரையில் விழும் மழையின் ஓசையும் கீழே ஓடும் ஆற்றின் ஓசையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தன. மழை விட்ட பிறகு ஆற்றின் ஓசை மட்டும் மேலும் மேலும் பெருகிக்கொண்டே போனது. விடிந்ததும் பார்த்தால், முந்தைய மாலை பாறைகளுக்கு நடுவே தெளிந்து ஓடிய நீர் பால் கலந்த தேநீரின் நிறத்தில், மூங்கில்களையும் கிளைகளையும் சுமந்துகொண்டு விரைந்துகொண்டிருந்தது. படுக்கையில் இருந்தபடியே இதைப் பார்க்க முடிந்ததற்காக மட்டுமே கொடுத்த பணம் தகும் என்று அப்போது நினைத்தேன், இப்போதும் அப்படியே நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் குடிலிலிருந்து காலை உணவுக்கு மேலே ஏற வேண்டிய படிகள் நூறுக்கும் மேல். பேட்டரி கார் பாதி தூரம் வரைதான் வரும். அம்மாவுக்கு மூட்டு வலி உண்டு என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் தெரிவித்திருந்தேன். அதற்கு நன்றி சொல்லிப் பதில் வந்ததே தவிர, குடிலை ஒதுக்கியவர்கள் அதைக் கவனிக்கவில்லை. இவ்வளவு கட்டணம் வாங்கும் இடத்தில் இதை நான் சிறிய தவறாகக் கருத மாட்டேன். எடுத்துச் சொன்ன பிறகு நடந்துகொண்ட விதம் மட்டும் குறை சொல்ல முடியாதது: ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் பொருள்களை மேல் வரிசைக் குடிலுக்கு மாற்றினார்கள், கட்டண வேறுபாட்டையும் திருப்பித் தந்தார்கள். அம்மாவை ‘இபு’ என்றே எல்லோரும் அழைத்தார்கள். அவர்கள் மொழியில் அதற்கு அம்மா என்றுதான் பொருள் என்று அறிந்ததும் அம்மா மிகவும் மகிழ்ந்தார்.

மேல் குடிலில் ஆறு கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வயல் கிடைத்தது. வேலிக்கு அப்பால் அடுக்கடுக்கான நெல் வயல்கள், ஒரு முழ அகல வாய்க்கால், அதன் தலைப்பில் ஒரு சிறிய கல் மாடம். இந்த வயல்களுக்கு நீர் பகிர்வது சுபாக் என்னும் உழவர் கூட்டமைப்பு. யார் எப்போது நாற்று நட வேண்டும், எந்த மடை எப்போது திறக்க வேண்டும் என்பதை நீர்க் கோயிலை மையமாகக் கொண்டு உழவர்களே கூடி முடிவு செய்கிறார்கள். யுனெஸ்கோ 2012 இல் சுபாக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பத்தூர் ஏரி, பக்கரிசான் ஆற்றுப்படுகை முதலியவை அதில் உள்ளன. விடுதியின் விளம்பரப் படங்களில் வரும் பச்சை முழுவதும் அந்த உழவர்களின் உழைப்பே என்பதை விருந்தினர்களுக்கு இன்னும் தெளிவாகச் சொல்லலாம். வயலுக்குள் நடக்க அழைத்துச் செல்லும் ஏற்பாடு இருந்தும், கேட்டால்தான் சொல்கிறார்கள்.

அந்தக் குடிலின் வாசலில் தினமும் காலையில் ஒரு பெண் வந்து சானாங் சாரி வைப்பார். இளம் தென்னங்குருத்தில் பின்னிய உள்ளங்கையளவுத் தட்டு அது. கிழக்கில் வெள்ளை, தெற்கில் சிவப்பு, மேற்கில் மஞ்சள், வடக்கில் நீலம் அல்லது பச்சை எனத் திசைக்கு ஒரு நிறமாகப் பூக்களை அடுக்கி, ஊதுபத்தி ஏற்றி, விரல் நுனியால் நீர் தெளித்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். விருந்தினருக்குக் காட்டுவதற்காக அவர் அதைச் செய்யவில்லை. நாங்கள் எழுவதற்கு முன்பே பெரும்பாலும் வைத்திருப்பார்.

சைவ உணவு உண்பவர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். காய்கறி உணவு என்று பட்டியலில் இருப்பவற்றிலும் தெராசி என்னும் இறால் விழுது சேர்வது வழக்கம். வேகவைத்த காய்கறிக் கலவையான கடோ கடோவின் வேர்க்கடலைச் சாறிலும் சில இடங்களில் அது உண்டு. ‘தன்பா தெராசி’ என்று சொன்னால் அது இல்லாமல் செய்து தருவார்கள். அப்படிக் கேட்ட பிறகு, சின்ன வெங்காயம், எலுமிச்சைப்புல், மிளகாய் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கிச் சூடான தேங்காய் எண்ணெய் ஊற்றிய சம்பல் மாத்தாவை புளிக்கவைத்த சோயாவில் செய்யும் டெம்பேயை வறுத்து அதனுடன் கொடுத்தார்கள்; மூன்று நாளும் அம்மா அதையே விரும்பிக் கேட்டார்.

பகலில் தனிமை முழுமையாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை ரப்பர் படகுகள் வரிசையாக ஆற்றில் இறங்குகின்றன. அவற்றில் வருவோரின் கூச்சல் கீழ்க் குடில்கள் வரை எட்டும். மழைக்காலத்தில் ஈரம் எதையும் விடாது: இரண்டே நாளில் நான் கொண்டுபோன புத்தகத்தின் தாள்கள் சுருண்டுவிட்டன, துவைத்த துணி ஊர் திரும்பும்வரை காயவில்லை.

ஓர் இரவுக்கு நம் பணத்தில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. அறிவிக்கும் கட்டணத்துடன் வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்து 21 சதவீதம் தனியாக வரும், உணவுக்கும் அப்படியே. வெளிநாட்டுப் பயணிகள் தீவுக்குள் நுழைய 2024 பிப்ரவரி முதல் 1,50,000 ருப்பியா தனியே செலுத்த வேண்டும்.

படி ஏறி இறங்க இயலுபவர்கள் ஆற்றோரக் குடிலையே கேட்டு வாங்குங்கள். முதியவர்களை அழைத்துச் செல்வோர், முன்பதிவின்போது படிகளின் எண்ணிக்கையையும் பேட்டரி கார் எதுவரை வரும் என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொண்டு, வயலைப் பார்த்த மேல் குடிலைக் கேளுங்கள். மழை நின்ற இரவுகளில் வாய்க்கால் நீர் மடையில் விழும் ஓசை அங்கேயும் கேட்கும்.