டபிள்யூ.ஆர்.எஃப் மாடலுக்குள் கோட் எழுதலாமா?

டபிள்யூ.ஆர்.எஃப் என்பது கணினியில் வானிலையைக் கணிக்கும் மாடல். அது மழையைச் சரியாகக் கணிக்கிறதா என்று அலசியவர்கள் ஏராளம். அதன் கோடில் கைவைக்க வருகிறவருக்கு அது எப்படி இருக்கும் என்பது பற்றித்தான் இந்த விமர்சனம். 1990களின் கடைசியில் அமெரிக்காவின் என்கார் (தேசிய வளிமண்டல ஆராய்ச்சி மையம்), நோவா (தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகம்), விமானப்படை, ஒக்லஹோமா பல்கலைக்கழகம் எனப் பல தரப்பும் சேர்ந்து தொடங்கிய மாடல் இது. இன்று மொத்த கோடும் கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்து கிடக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ரெஜிஸ்ட்ரி. புதிதாக ஒரு மாறி வேண்டுமென்றால் அதன் பெயர், பரிமாணம், அலகு, அவுட்புட்டில் வர வேண்டுமா என்பதையெல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் ஒரே வரியாக எழுதினால் போதும், மெமரி ஒதுக்குவதற்கும் நெட்சிடிஎஃப் என்ற தரவு ஃபைல் வடிவத்தில் எழுதுவதற்குமான ஃபோர்ட்ரான் கோட் கம்பைலின்போது (கோடை ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றும்போது) தானாகவே உருவாகிவிடும். மேக இயற்பியல் மட்டும் தெரிந்த ஒருவர் பாரலல் புரோகிராமிங்கை (பல ப்ராசஸர்களில் ஒரே நேரத்தில் ஓடும்படி எழுதுவதை) அதிகம் படிக்காமலே தன் ஸ்கீமை (மேகம், மழை போன்ற ஒன்றைக் கணக்கிடும் பகுதியை) உள்ளே சேர்க்க முடிகிறதே, அது சின்ன விஷயமில்லை. ஆனால் ரெஜிஸ்ட்ரியைத் தொட்டால் 'கிளீன் -ஏ' கட்டளை போட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து கம்பைல் செய்ய வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும்.

பழைய கம்பைல் ஸ்கிரிப்ட் இன்னொரு தலைவலி. நடுவில் பிழை வந்தாலும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், கடைசியில்தான் எக்ஸிகியூட்டபிள் (ஓட்டக்கூடிய ஃபைல்) உருவாகவில்லை என்று சொல்லும். அப்புறம் பல்லாயிரம் வரி லாகில் முதல் பிழை எங்கே என்று தேட வேண்டியதுதான். இப்போது சிமேக் என்ற பில்ட் கருவியின் வழியும் வந்திருக்கிறது, நல்லது.

புல் ரிக்வெஸ்ட் (உங்கள் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) டெம்ப்ளேட் கறாரானது: என்ன பிரச்சினை, எப்படித் தீர்த்தீர்கள், எந்த ஃபைல்கள் மாறின, என்ன சோதித்தீர்கள், எல்லாம் கேட்கும். தானியங்கிச் சோதனையில் ஒரே கேஸை ஒற்றை ப்ராசஸரிலும் ஓப்பன்எம்பி, எம்பிஐ என்ற இரண்டு பாரலல் வழிகளிலும் ஓட்டி, விடைகள் பிட் பிசகாமல் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார்கள். வளிமண்டலக் கணக்கில் கடைசி இலக்கத்தில் வரும் வித்தியாசம்கூட நேரம் போகப்போகப் பெருகிவிடும் என்பதால் இந்தக் கெடுபிடி சரிதான். ஒன்று மட்டும் கவனியுங்கள், இந்தச் சோதனை பாரலல் பக்கத்தைப் பிடிக்கும், உங்கள் ஸ்கீம் இயற்பியல்படி சரியா என்று சொல்லாது. அதற்கான ரன்களும் படங்களும் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

புது இயற்பியல் ஸ்கீம் சேர்ப்பவர்களுக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். உலகம் முழுவதற்கும் சீரற்ற கண்ணியில் (ஒழுங்கான கட்டங்களாக இல்லாத வலையில்) மாடல் ஓட்டுவதுதான் நோக்கம் என்றால் எம்பாஸ் என்ற மாடல் பக்கம் போங்கள். எதுவானாலும் முதலில் ஒரு சின்ன பக் திருத்தம் அனுப்பிப் பழகுங்கள், புது அம்சம் என்றால் 'டெவலப்' பிராஞ்சுக்கு (புது வேலைகள் சேரும் கோட் கிளைக்கு) அனுப்புங்கள், ஒரே ரிக்வெஸ்டில் இரண்டு விஷயத்தைத் திணிக்காதீர்கள்.