ஒரே சிலிண்டரில் மூன்று முறை போன காயில்: எட்டுக்குப் பில் போட்டு ஐந்து மாற்றிய ஒர்க்‌ஷாப்

டாலஸ் பக்கம் பழைய பெட்ரோல் பிக்கப் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மிஸ்ஃபயருக்காக, அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போகும் கோளாறுக்காக, ஒரே ஒர்க்‌ஷாப்புக்கு இரண்டு தடவை பணம் கட்டினேன், மொத்தம் 1,325 டாலர். மூன்றாவது தடவை இன்னொரு 1,750 கேட்டார்கள். கோளாறு கடைசியில் ஒரு ரப்பர் ஹோஸில் இருந்தது.

என்னுடையது 2003 ஃபோர்டு எஃப்-150, 5.4 லிட்டர் வி8, எட்டு சிலிண்டர். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் தலையிலும், பொறிக்கு வேண்டிய உயர் வோல்டேஜைக் கொடுக்கும் தனித்தனிக் காயில், ஆக எட்டு. 2024 செப்டம்பரில் சாமான் ஏற்றிக்கொண்டு இர்விங்கிலிருந்து ஃபிரிஸ்கோ போகும்போது முதலில் உணர்ந்தேன். 45 மைல் வேகத்தில், டாப் கியரில், லேசான ஏற்றத்தில் வண்டி உதறியது. காலை நன்றாக அழுத்தினால் கியர் இறங்கி உதறல் நின்றுவிடும். கியர்பாக்ஸ்தான் போய்விட்டது என்று பயந்தேன். பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். குறைந்த சுற்றில் பாரத்தோடு ஓடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். பலவீனமான காயில் முதலில் தடுமாறுவது அந்த இடத்தில்தான்.

அடுத்த நாள் செக் எஞ்சின் லைட் மின்னத் தொடங்கியது. நிலையாக எரிவது வேறு, மின்னுவது வேறு. மின்னினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடாக்கிக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள்.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் போட்டார்கள். பி0304 என்ற கோளாறு கோட் வந்தது, அதாவது நாலாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. ஒரு காயில் மாற்றி 285 டாலர் வாங்கினார்கள். மாதாமாதம் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கொஞ்சம் குறைகிறது, நான் ஊற்றிக்கொண்டே இருக்கிறேன் என்று அன்றே கவுன்டரில் சொன்னேன். அதை அவர்கள் எழுதிக்கொள்ளவே இல்லை. எனக்கு இன்றும் ஆறாதது அதுதான். காரணத்தை நானே அவர்கள் கையில் கொடுத்திருந்தேன்.

ஆறு வாரம் கழித்து மறுபடியும் அதே கோட். "ஒன்று போனால் வரிசையாக எல்லாம் போகும், எட்டையும் மாற்றிவிடலாம், பிளக்கும் எட்டு போட்டுவிடலாம்" என்றார்கள். பேச்சு நியாயமாகத்தான் பட்டது. 1,040 டாலர் கட்டினேன். பில்லில் எட்டு காயில், எட்டு பிளக் என்று தெளிவாக இருந்தது.

ஏழு வாரம்தான் தாங்கியது. ஜனவரி முதல் வாரம் மீண்டும் பி0304. இந்தத் தடவை, "காயில் எல்லாம் புதுசு, அப்படியானால் எஞ்சின் கம்ப்யூட்டர்தான் காயிலை எரிக்கிறது, அதை மாற்ற 1,750 ஆகும்" என்றார்கள். அந்த மாதக் கடைசிக்குள் எமிஷன் டெஸ்ட் (புகைச் சோதனை) முடிக்க வேண்டும். டெக்சஸில் சொந்த வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனையை 2025-லிருந்து எடுத்துவிட்டார்கள், ஆனால் டாலஸ் கவுன்டியில் எமிஷன் டெஸ்ட் உண்டு. லைட் எரிந்தால் தேறாது. கோளாறு கோட்-ஐ அழித்துவிட்டு உடனே போனாலும் மானிட்டர்கள் (வண்டியின் கம்ப்யூட்டர் செய்யும் சுயசோதனைகள்) தயாராகவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அந்த அவசரத்தில் சரி என்று சொல்லப் பார்த்தேன்.

தடுத்தவர் பக்கத்து வீட்டு நண்பரின் அப்பா. நாமக்கல்லில் பல வருடம் லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர், மகனைப் பார்க்க வந்திருந்தார். "டீசல்ல இந்தக் காயிலே கெடயாது தம்பி, எனக்கு இது புதுசு. ஆனா ஒரே எடத்துல மூணு தடவ போவுதுன்னா பொருள்ல தப்பு இல்ல, எடத்துல தப்பு. மொதல்ல தொறந்து பாருங்க" என்றார்.

25 டாலருக்கு ஒரு சின்ன ஸ்கேனர் வாங்கினேன். நாலாவது காயிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டு, இரண்டாவதை நாலில் போட்டேன். ஒரே ஒரு 7 மில்லிமீட்டர் போல்ட், ஒரு கனெக்டர், அவ்வளவுதான். கோட்-ஐ அழித்து ஓட்டினால் இப்போது பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டர். கோளாறு காயிலோடு நகர்ந்துவிட்டது. நாலாவது இடத்திலேயே நின்றிருந்தால் பிளக், வயர், இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் என்று தேடிப் போக வேண்டும். நகர்ந்ததால், காயில் நிஜமாகவே செத்திருக்கிறது, அந்த இடத்து வயரும் கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கின்றன. அரைமணி நேர வேலை இது. 1,750 டாலர் கேட்டவர்கள் இதைச் செய்து பார்க்கவில்லை.

அப்படியானால் காயிலைக் கொல்வது எது? கழற்றியபோதே தெரிந்தது. காயிலிலிருந்து பிளக் வரை போகும் ரப்பர் உறை, அதாவது பூட், ஈரமாக இருந்தது, இனிப்பான கூலன்ட் வாடை வந்தது. பூட்டின் மேல் கரிக்கோடு ஒன்று ஓடியிருந்தது. பொறி பிளக் நுனிக்குப் போகாமல் ஈரத்தின் வழியே பக்கவாட்டில் எஞ்சின் உலோகத்தில் இறங்கிய தடம் அது. ஃபோர்டு வி8-ல் பாசஞ்சர் பக்கம் முன்னாலிருந்து பின்னால் 1, 2, 3, 4. டிரைவர் பக்கம் 5 முதல் 8. நாலாவது சிலிண்டர் ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பு) ஒட்டி மூலையில் இருக்கிறது, ஹீட்டருக்குச் சூடான கூலன்ட் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் அதன் அருகில்தான் போகிறது. எஞ்சின் சூடாகி அழுத்தம் ஏறும்போது மட்டும் கிளாம்ப் பக்கம் சொட்டு சொட்டாகக் கசிந்து பிளக் குழியில் தேங்கியிருக்கிறது. ஆறினால் ஒன்றும் தெரியாது. வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, இருபது வருட ரப்பர்.

இதற்குப் பிறகுதான் மற்றவற்றையும் கழற்றினேன். 1, 2, 4, 5, 6 காயில்கள் புதியவை. 3, 7, 8 பழையவை, மேலே துணியால் துடைத்திருந்தார்கள், அடியில் பல வருட அழுக்கு அப்படியே இருந்தது. பிளக்கோ முன்பக்கத்து நாலு மட்டும் புதிது. பின்பக்கத்து நாலும் கைக்கு எட்டாதவை, தொடவே இல்லை. நாலாவது பிளக்கில் பொறி தாவும் இடைவெளியை ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்தேன், 0.075 அங்குலம். இருக்க வேண்டியது 0.052 முதல் 0.056 வரை. இடைவெளி அகல அகலக் காயில் கூடுதல் வோல்டேஜ் கொடுத்துக் கொடுத்து உள்ளே இன்சுலேஷன் போய்விடும். ஈரம் ஒரு பக்கம், தேய்ந்த பிளக் ஒரு பக்கம். எந்தப் புதுக் காயிலும் அங்கே நிலைத்திருக்காது.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். வேலை பார்த்த மெக்கானிக் இப்போது இங்கே இல்லை என்றார் உரிமையாளர். பழைய உதிரிகள் எங்கே என்றால் குப்பையில் போட்டாச்சு என்றார். கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன். அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம், நான் அதற்குள் இருந்தேன். மாற்றாத மூன்று காயில், நாலு பிளக், அவற்றின் கூலி என்று 430 டாலர் திரும்பி வந்தது. மீதி வரவில்லை.

ரிப்பேரை வேறொரு மெக்கானிக்கோடு சேர்ந்து செய்தோம். ஹோஸும் கிளாம்பும் மாற்றி, கூலிங் சிஸ்டத்துக்கு அழுத்தம் கொடுத்துச் சொட்டவில்லை என்று பார்த்தோம். குழிகளைக் காற்றடித்து உலர்த்திய பிறகே பிளக்கைத் தொட்டோம். முதலில் பிளக்கைக் கழற்றினால் தேங்கிய தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். இது அலுமினிய ஹெட், எஞ்சின் முழுக்க ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும், கையால் மரை பிடித்த பிறகே டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். ரப்பர் பூட்டுக்குள் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்).

உங்கள் வண்டிக்கும் காயில் மாற்றச் சொன்னால், வேலை தொடங்கும் முன்பே பழைய உதிரிகள் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கழற்றிய பிளக் எட்டையும் சிலிண்டர் எண் போட்டுத் தரச் சொல்லுங்கள். எந்தக் காயிலை எதோடு மாற்றிப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாத இடத்தில் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பதினொரு மாதமாக அதே ஏற்றத்தில், அதே பாரத்தோடு போகிறேன். கூலன்ட் இம்மியும் இறங்கவில்லை, லைட்டும் வரவில்லை.